எட்டாத தட்டு

பதுளை
10.1.1960

தம்பி இரகுநாதனுக்கு,

சுகம் என்று எழுதினால் பொய். சுகமில்லை என்று எழுதினால் உடனே புத்தி சொல்லத் தொடங்குவாய். ஆகையால் அதை விட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உன் தோட்டத்துத் தச்சன் அழகையா என் குசினிச் சுவரில் அடித்துவிட்டுப் போன பலகைத் தட்டு எனக்கு எட்டவில்லை. நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு ஓய்வாக இருக்க வந்த வீட்டில், ஒரு சீனிப்போத்தலை எடுக்க நான் நுனிக்காலில் நின்று தவம் செய்ய வேண்டியிருக்கிறது. அவனுக்குத்தான் அளவு தெரியாது, பக்கத்தில் நின்ற உனக்குமா தெரியாது? வேலைக்கு வரும் கருப்பம்மா இருக்கும்வரை அவள் எடுத்துத் தருவாள். பின்னேரம் அவள் ஹாலிஎல பஸ்ஸில் ஏறிவிட்டால் எனக்குச் சீனியில்லாத தேத்தண்ணிதான்.

பொங்கலுக்கு வரச்சொல்லி எழுதியிருந்தாய். வரமாட்டேன். போன தீபாவளிக்கு உன் பெண்சாதி சரோஜாதேவி அத்தனை பேருக்கு முன்னால் கேட்டதை நீ மறந்திருப்பாய். "மச்சாள், ஏன் இப்பிடிக் கூனிக்கொண்டு நடக்கிறியள்? நிமிர்ந்து நடவுங்கோவன்!" நானா கூனி நடக்கிறவள்? என் வகுப்பில் ஒரு பிள்ளை கூனிக்கொண்டு இருந்தால் அடிமட்டத்தால் முதுகில் தட்டுவேன். முதலில் அவள் மன்னிப்புக் கேட்கட்டும்.

அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை முடியப்போகிறது. வழக்கம்போலப் பெரகலச் சந்தியில் இப்றாஹீம் கடையில் கொடுத்துவிடு, பஸ்காரர் கொண்டுவருவார். வேறு எதிலும் உன்னை மெச்ச ஒன்றுமில்லை. இந்த மாத்திரை விஷயத்தில் மட்டும் நீ கெட்டிக்காரன். மூன்று வருடமாக இழுப்பு என் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அக்கா
சத்தியபாமா


தோட்டத்து டிஸ்பென்சரி, பெரகல
16.1.1960

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கல் போய்விட்டது. உங்களுக்கென்று சரோஜா எடுத்துவைத்ததை நானே சாப்பிட்டேன். அவள் அக்கறையில் கேட்டதற்கு இரண்டரை மாதக் கோபமா? நல்ல மனுஷி நீங்கள்!

தட்டுக் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன். ஐம்பத்தேழாம் வருடத் தீபாவளிக்கு அது அடிக்கும்போது நானும் நின்றேன். அழகையா உங்களைச் சுவரோடு நிறுத்தி, "டீச்சரம்மா, கைய நல்லா ஒசத்துங்க" என்று சொல்லி, விரல்நுனி வந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டான். கோட்டுக்கு நாலு விரல் கீழேதான் பலகையை அடித்தான். உங்கள் கைதான் அளவு. இரண்டு வருடம் அதிலிருந்து போத்தல் எடுத்துவிட்டு இப்போது அந்தப் பாவியின் தலையில் பழியைப் போடுகிறீர்கள்.

எட்டாததற்கு உடம்பில் பலமில்லாததுதான் காரணம். பால் குடித்தால் சளி கட்டும் என்று பாலைவிட்டீர்கள், தயிரைவிட்டீர்கள். வெள்ளிக்கிழமை விரதம், செவ்வாய்க்கிழமை விரதம். மற்ற நாளெல்லாம் எட்டு வெறுந்தேத்தண்ணி. கோயிலுக்குப் போகும் பத்து நிமிஷத்துக்கும் குடை. காற்றடித்தால் பறந்துபோகிற உடம்பு, அக்கா!

மாத்திரை நூறு அனுப்பியிருக்கிறேன். ஒரு நாளும் தவறவிட வேண்டாம். தோட்டத்துத் துரையைப் பார்க்க வந்த வெள்ளைக்கார டொக்டர் உங்களுக்குப் பத்து நாளுக்கென்று எழுதிக்கொடுத்தார். பத்தாம் நாள் நிறுத்தியிருந்தால் நீங்கள் இன்றைக்கும் தலையணைக்கு மேல் தலையணை அடுக்கி இழுத்துக்கொண்டிருப்பீர்கள். அதைத் தொடர்ந்து கொடுக்கிற புத்தி எனக்குத்தானே வந்தது?

தம்பி
இரகுநாதன்


பதுளை
21.2.1960

தம்பிக்கு,

உனக்கு இதை எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். கருப்பம்மா, "டாக்டரையாவுக்கு நீங்க எழுதலேன்னா நானே பஸ் ஏறிப் போறேன்" என்று நிற்கிறாள்.

மழைக்கு ஊதிப்போன யன்னல் திறக்கவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். நடுமுதுகில் மடக் என்று ஒரு சத்தம். யன்னல்தான் உடைந்தது என்று நினைத்தேன். பிறகு மூச்சு எடுக்க முடியவில்லை, அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். பன்னிரண்டு நாள் பாயில் கிடந்தேன். இப்போது எழுந்து நடமாடுகிறேன், ஆகவே ஓடிவர வேண்டாம்.

எண்ணெய் தேய்த்ததெல்லாம் கருப்பம்மாதான். அவளுக்கு எழுபது வயதாம். ஒன்பது பிள்ளை பெற்றவள், ஐம்பது வருடம் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கியவள். வெற்றிலையும் சுண்ணாம்பும் மென்றுகொண்டு கமுகு மரம்போல நிற்கிறாள். நான் சோக்கட்டியைத் தவிர ஒன்றையும் தூக்கியதில்லை. எனக்கு அறுபத்திரண்டு வயதில் இந்தக் கோலம். கடவுளுக்குக் கணக்குப் படிப்பித்தவர் யார் என்று கேட்க வேண்டும்.

பென்சில் கோடு இருக்கிறது. பார்த்தேன். கையை உயர்த்தியும் பார்த்தேன். விரல் பலகையின் விளிம்பில் முட்டுகிறது, கோடு அதற்கும் நாலு விரல் மேலே. அழகையா பிறகு வந்து கோட்டை அழித்து மேலே போட்டிருப்பான் என்று சொன்னேன். அதற்கு இந்தக் கருப்பம்மா வாயைப் பார்: "தட்டு ஏறல டீச்சரம்மா. நீங்கதான் எறங்கிட்டீங்க."

நாளைக்கு வேலைக்கு வராதே என்று அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் எதுவும் நடக்காததுபோல வந்து அடுப்பை மூட்டினாள். நானும் சீனிப்போத்தலை எடுத்துத் தரச்சொன்னேன்.

அக்கா


பெரகல
26.2.1960

அக்காவுக்கு,

பன்னிரண்டு நாள்! ஊரெல்லாம் மருந்து கொடுக்கிறவன் ஒரு தம்பி இருக்க, பன்னிரண்டு நாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடந்தீர்களா? உங்களோடு எனக்கு முடியாது. சத்தியமாக முடியாது.

கருப்பம்மா சொன்னதுதான் சரி. சுவரில் போட்ட கோடு வளராது. நீங்கள்தான் நாலு விரல் குறைந்திருக்கிறீர்கள். அன்றைக்கு முறிந்தது யன்னலல்ல, முள்ளந்தண்டு. அம்மாவும் கடைசிக் காலத்தில் நிலத்தைப் பார்த்துத்தானே நடந்தா? வயதுபோன பெண்களுக்கு, அதுவும் மெலிந்த உடம்புக்காரருக்கு, எலும்பு உள்ளே கரைந்து சல்லடையாகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் முறியும்போதுதான் தெரியும்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுங்கள். நான் வரமுடியாது. தொழிலாளர் லயத்தில் சின்னமுத்துப் போட்டு வீட்டுக்கு வீடு பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள். தட்டை யாரையாவது கொண்டு கீழே இறக்கிவிடுங்கள். முக்காலி, கதிரை ஒன்றிலும் ஏறவேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

இரகு


பதுளை
20.3.1960

தம்பிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

முக்காலியில் ஏறினேன். விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். இனி நீ ஏசலாம்.

தட்டை இறக்காதது என் பிடிவாதம்தான். இறக்கினால் நான் குறைந்துபோனேன் என்று நானே எழுதிக் கையெழுத்து வைத்த மாதிரி இருக்கும்.

டொக்டர் இளந்தாரி. சிவஞானம் என்று பெயர். "ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்து இப்பிடி முறியாதே, அம்மா" என்று முதுகையும் படம் பிடித்தார். முதுகெலும்பில் இரண்டு நசிந்துபோய் இருக்கிறதாம். ஆயிரம் கேள்வி கேட்டார். கை நோகிறது, நிறுத்துகிறேன்.

பாமா


பெரகல
24.3.1960

அக்காவுக்கு,

ஏசமாட்டேன். ஏசி ஏசி எனக்கும் களைத்துவிட்டது. சரோஜா இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை. தன் வாய்தான் பலித்ததென்று அழுகிறாள்.

ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. இங்கே கொழுந்து மூட்டையோடு தண்ணீர்க் கானுக்குள் விழுந்த ராசம்மாவுக்கு உங்கள் வயது. சிராய்ப்புக்கு மருந்து பூசிக்கொண்டு பிற்பகல் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போய்விட்டாள். வயது, விரதம், தேத்தண்ணி எல்லாம் சரி. இரண்டு வருடத்தில் ஒரு ஆள் நாலு விரல் குறைவதற்கு இது போதுமா? வேறு ஏதோ இருக்கிறது. அந்த இளந்தாரி சரியாகக் கேட்கவில்லை, அல்லது நீங்கள் சரியாகச் சொல்லவில்லை. என்ன கேட்டார், என்ன சொன்னீர்கள், ஒன்று விடாமல் எழுதுங்கள்.

இரகு


பதுளை
2.4.1960

தம்பிக்கு,

ஒன்று விடாமல் வேண்டுமா? சரி. இடது கைக்கும் இப்போது பழகிவிட்டது.

சாப்பாடு கேட்டார், சொன்னேன். பால் ஏன் இல்லை என்றார். சளி என்றேன். அந்தச் சளிக் கதையை யார் சொன்னது என்று கோபித்தார். வெயிலில் நிற்பதுண்டா என்றார். நான் என்ன, நெல்லா காயப்போட என்றேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார். வீட்டில் வேறு யாருக்காவது கூன் உண்டா என்றார், அம்மாவைச் சொன்னேன். பிறகு பெண்பிள்ளைகளிடம் கேட்கிற ஒரு கேள்வி கேட்டார். தம்பிக்கு எழுதுகிற விஷயமில்லை, ஆனால் நீ ஒன்று விடாமல் கேட்டுவிட்டாய். எனக்கு முப்பத்தெட்டு வயதிலேயே நின்றுவிட்டது. போதுமா? அப்படி வயதுக்கு முன்னமே நின்றவர்களுக்கு எலும்பும் வேளைக்குத் தேயுமாம்.

கடைசியாக, நெடுநாள் எடுக்கிற மருந்து மாத்திரை ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லாய் யோசித்துச் சொல்லுங்கோ என்று திருப்பிக் கேட்டார். ஒன்றுமில்லை என்று அடித்துச் சொன்னேன்.

பின்னே என்ன சொல்ல? யார் தந்தது என்பார். டொக்டர் எழுதாமல் ஒரு தோட்டத்து டிஸ்பென்சர் மூன்று வருடமாகத் தருகிறான் என்று நான் என் வாயால் சொல்லவா? இன்னும் ஒன்றரை வருடத்தில் உனக்கு ஓய்வு. என் இழுப்புக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்? அதனால்தான் மறைத்தேன்.

அக்கா


பெரகல
6.4.1960

அக்கா,

டொக்டர் இரண்டு தரம் மாத்திரையைக் கேட்டதை உங்கள் கடிதத்தில் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது.

மாதத்துக்கு ஒருமுறை இங்கே வரும் டொக்டர் நேற்று வந்தார். ஒரு நோயாளி இந்த மாத்திரையை நெடுநாள் எடுத்தால் எலும்புக்கு ஏதும் செய்யுமா என்று பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "எவ்வளவு நாள்?" என்றார். மூன்று வருடம் என்றேன். "எலும்பை அரித்து எடுத்துவிடுமே! எந்த மடையன் ஐயா மூன்று வருடம் கொடுத்தான்?" என்றார். அந்த மடையன் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவைத்தான்.

பாலைச் சொன்னேன், விரதத்தைச் சொன்னேன், குடையைச் சொன்னேன், அம்மாவைச் சொன்னேன். உங்களில் நூறு பிழை பிடித்துக் கடிதம் கடிதமாக எழுதிவிட்டு, அதே கையால் மாத்திரையைச் சுற்றி இப்றாஹீம் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாளும் தவறவிட வேண்டாம் என்றும் எழுதினேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

இப்போது முக்கியமானது. கோபத்தில் மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாம். டொக்டர் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அவரிடம் மறைத்துக்கொண்டு அது நடக்காது. திங்கட்கிழமை காலை நான் வருகிறேன். அவரிடம் நானே சொல்கிறேன்.

இரகு


பதுளை
8.4.1960

இரகு,

வராதே. இதைப் பஸ்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன், இன்றைக்கே உன் கைக்கு வரவேண்டும் என்று.

உனக்கு மூளை இருக்கிறதா? நீ போய்ச் சொன்னால் அவர் மேலே எழுதுவார். துரை உன்னை நிற்பாட்டுவான். குவார்ட்டர்ஸை விட்டு இறங்கு என்பான். நீயும் சரோஜாவும் எங்கே போவீர்கள்? நானே பாதி பாதியாகக் குறைத்து மெல்ல விட்டுவிடுகிறேன். ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை.

உன்மேல் கோபமில்லை என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. மணிக்கட்டு நோகும்போதெல்லாம் வருகிறது. ஆனால் இந்த மூன்று வருடம்தான் நான் வாழ்நாளில் நிம்மதியாக மூச்சு விட்டேன், அதுவும் உன்னால்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? சின்னதில் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். இந்த வயதில் நீ எனக்காக நடுத்தெருவில் நிற்பதைப் பார்க்க என்னால் முடியாது. வந்தால் கதவைத் திறக்கமாட்டேன்.

அக்கா


பெரகல
25.4.1960

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று கதவைத் திறந்ததற்கு நன்றி. டொக்டர் சிவஞானம் ஏசிக்கொண்டிருந்தபோது நடுவில் எழுந்து, "என்ர தம்பியை இப்பிடிப் பேசாதையுங்கோ, பொய் சொன்னது நான்" என்று மேசையில் தட்டினீர்களே, அதற்கும்தான். முறிந்த கையால் தட்டியதற்கு மட்டும் நன்றியில்லை. மாவுக்கட்டு வெடித்திருந்தால் யார் பார்ப்பது?

அவர் மேலே எழுதப்போவதில்லை என்றுதான் சொன்னார். ஆனால் எனக்கு அந்த மருந்து அலுமாரித் திறப்பை எடுத்துப் பூட்டைத் திறக்கவே கூசியது. போன வியாழக்கிழமை துரையிடம் நானே சொன்னேன். ஜூன் முடிவோடு போகச் சொல்லிவிட்டார். பென்சனில் கை வைக்கவில்லை. சரோஜா சாமான் கட்டத் தொடங்கிவிட்டாள். ஊருக்குப் போவதா என்று யோசிக்கிறோம். அங்கே வீடும் இல்லை, எங்களைத் தெரிந்தவரும் அதிகமில்லை.

மாத்திரையை டொக்டர் எழுதிய அளவில் எடுக்கிறீர்களா? இழுப்பு எப்படி? பால் குடிக்கிறீர்களா, இல்லை கருப்பம்மாவுக்குக் கொடுத்துவிட்டுக் குடித்தேன் என்று சொல்கிறீர்களா?

இரகு


பதுளை
30.4.1960

தம்பிக்கு,

உன்னைப்போல ஒரு விசரனை நான் கண்டதில்லை. ஒருவரும் கேட்காமல் போய்த் துரையிடம் சொன்னாயே! உன் வாத்திச்சி நான்தானே, எந்த வகுப்பில் உனக்கு இதைப் படிப்பித்தேன்?

மாத்திரை டொக்டர் சொன்னபடி குறைகிறது. இழுப்பு கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. மூச்சு முட்டும்போது பயமாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. பால் குடிக்கிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டு கருப்பம்மாவுக்கு முன்னால் நின்று குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் அசையமாட்டாள். காலையில் குடையில்லாமல் வேலியோரம் நடக்கிறேன். நிமிர முடியவில்லை. இனி நிமிரவும் மாட்டேன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். போன எலும்பு திரும்பி வராதாம். இருப்பதைக் காப்பாற்றலாமாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன், பிறகு சோறு சாப்பிட்டேன்.

ஊருக்குப் போவதா என்று என்ன யோசனை? இங்கே எனக்கு இரண்டு அறை இருக்கிறது. ஜூன் முடிய இருவரும் இங்கே வாருங்கள். மன்னிப்பு ஒன்றும் வேண்டாம் என்று சரோஜாவிடம் சொல். அவள் கண்டதுதான் உண்மை. அவள் சொன்ன அன்றைக்கே நான் ரோசப்படாமல் டொக்டரிடம் போயிருந்தால் இந்த மணிக்கட்டாவது மிஞ்சியிருக்கும்.

வரும்போது அழகையாவையும் கூட்டிக்கொண்டு வா. தட்டை நாலு விரல் கீழே இறக்க வேண்டும். சரோஜா நெட்டை, அவளுக்கு அது தாழ்ந்துபோகும் என்று அவன் இழுப்பான். கேட்க வேண்டாம். என்னைச் சுவரோடு நிறுத்தி, என் கைக்குக் கோடு போடட்டும். சீனிப்போத்தல் வேண்டுமென்றால் அவள் குனிந்து எடுக்கட்டும்.

அக்கா
சத்தியபாமா